பழைய அம்பாசடர், வேறு என்ஜின்: எங்கெங்கே இடிக்கும்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால், அவரே சற்று விரிவாக எழுதித் தந்திருக்கிறார்.)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது மழைநீர்க் கால்வாய் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "அது போன தடவையே ஆயிடுச்சு சார், உங்க அம்பாசடரைப் பத்திப் பேசுங்க" என்றார். காரணம் இருக்கிறது. நம் நகரில் இப்போது இன்னும் இரண்டு வீடுகளில் பழைய கார் நிற்கிறது. ஒன்று பிரீமியர் பத்மினி, இன்னொன்று நம்ம ஊர் தயாரிப்பான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இரண்டு வீட்டுக்காரர்களும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே: "வேற என்ஜின் போட்டுடலாமா?"

பழைய குடியிருப்பாளர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2010-இல் தொடங்கி பதினான்கு மாதம் என் வண்டி நீலத் தார்ப்பாய்க்குள் தெருவோரம் நின்றது. சங்கத்திலிருந்து கடிதமே வந்தது. அந்தக் கடிதம் நியாயமானதுதான். இரண்டு மாத வேலை பதினான்கு மாதம் ஆனதற்குக் காரணம் என் அவசரம். எங்கே இடித்தது, எப்படிச் சரிசெய்தேன் என்பதைச் சொல்கிறேன். நீங்கள் தார்ப்பாய் வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுக்கொண்டால் போதும்.

வண்டி 1974-ஆம் ஆண்டு மார்க் 2 அம்பாசடர். அப்பா அதை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். உள்ளே இருந்தது 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின், பிரிட்டனின் பி.எம்.சி. வடிவமைப்பு. அதை மூன்று முறை போர் செய்தாயிற்று. நான்காவது முறை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போரிங் பட்டறைக்கு எடுத்துப்போனபோது, அங்கிருந்த அண்ணன் சுவரின் தடிமனைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல சதை இல்ல தம்பி, ஸ்லீவ் அடிச்சாத்தான் உண்டு" என்றார். ஸ்லீவ் அடித்திருக்கலாம். இன்று கேட்டால் அதைத்தான் செய் என்பேன். அன்று எனக்கு வேறு ஆசை. கான்டெஸாவில் வந்த இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜின் ஒன்று புதுப்பேட்டையில் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன்.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியே இதைச் செய்தது. 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு உடம்புக்குள், 1990-களின் தொடக்கத்தில் அதே 1817 சி.சி. இசுசு என்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் வைத்து 'அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இசட்.' என்று விற்றார்கள். பழைய என்ஜினுக்குச் சுமார் 50 குதிரைத்திறன், இதற்கு 75. பக்கத்து ஆவடியில்கூட அர்ஜுன் டாங்க் ஜெர்மானிய எம்.டி.யு. கம்பெனியின் 1,400 குதிரைத்திறன் என்ஜினில்தான் ஓடுகிறது. ஒருவர் செய்த என்ஜினை இன்னொருவர் செய்த உடம்பில் உட்கார வைப்பது பெரிய இடங்களிலும் நடக்கிற வேலைதான். அங்கே வரைபடம் போட்டு, அளந்து, பிறகு வெட்டுவார்கள். நான் வெட்டிவிட்டு அளந்தேன்.

முதல் தப்பு, என்ஜினை மட்டும் வாங்கியது. கியர் பெட்டியையும் சேர்த்துக் கொடுக்கிறேன் என்றார் கடைக்காரர். பழைய பெட்டி நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு வீண் செலவு என்று மறுத்துவிட்டேன். இரண்டுக்கும் நடுவே 16 மி.மீ. இரும்புத் தகட்டில் ஒரு அடாப்டர் பிளேட் வெட்டினோம். என்ஜின் பக்கத்துத் துளைகள் ஒரு வட்டத்தில், பெல் ஹவுசிங் பக்கத்துத் துளைகள் இன்னொரு வட்டத்தில். போல்ட்டெல்லாம் அழகாக உட்கார்ந்தது. எஸ்டேட்டில் முப்பது வருஷம் டூல் ரூமில் இருந்தவன் நான், எனக்கு ஒரே பெருமை.

மூன்று மாதத்தில் கிளட்ச் பிளேட்டின் நடுக்குடம் விரிசல் விட்டது. அதற்கு முன்பே கியர் பெட்டியின் முன் பேரிங் முனக ஆரம்பித்திருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. பிரித்து, ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, பெல் ஹவுசிங் துளையின் உள்விளிம்பில் முள்ளை வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தேன். கிராங்கின் மையமும் கியர் பெட்டியின் மையமும் 0.4 மி.மீ. விலகியிருந்தன. 0.4 என்பது நான்கைந்து தாள் கனம். ஆனால் இந்த இடத்தில் 0.1-ஐத் தாண்டினாலே வம்பு. கியர் பெட்டியின் இன்புட் ஷாஃப்ட்டின் முனை கிராங்கின் பின்புறத்தில் ஒரு சின்ன புஷ்ஷில் உட்கார்ந்து சுற்றுகிறது. இரண்டும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால், நிமிஷத்துக்கு மூவாயிரம் தடவை அந்த ஷாஃப்ட்டை வளைக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். இதைப் போல்ட் பிடித்துக்கொள்ளாது. போல்ட் துளையில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். மையத்தைப் பிடிப்பது டவல் பின். நான் டவல் பின் போடவே இல்லை.

ஒழுங்காக டவல் போட்டு இன்னொரு தகடு செய்திருக்கலாம்தான். அதற்குள் கிளட்ச் பிளேட்டில் வேறு பஞ்சாயத்து. ஃப்ளைவீலும் பிரஸ்ஸர் பிளேட்டும் ஒரு கம்பெனி அளவு, இன்புட் ஷாஃப்ட்டின் பல் எண்ணிக்கை இன்னொரு கம்பெனி அளவு. ஒரு பிளேட்டின் நடுக்குடத்தைக் கழற்றி இன்னொன்றில் ரிவெட் அடிக்க வேண்டும். அப்படிச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறை பிளேட் தேயும்போதும் அதே வேலை. கடைசியில் புதுப்பேட்டைக்குத் திரும்பிப் போய், முதலில் வேண்டாம் என்ற கியர் பெட்டியையே தேடி வாங்கினேன். என்ஜின், கியர் பெட்டி, ஸ்டார்ட்டர், ஃப்ளைவீல், கிளட்ச், இவை ஐந்தும் ஒரே வண்டியிலிருந்து சேர்ந்து வரட்டும். கழற்றும்போது பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பிராக்கெட்டையும் வாஷரையும்கூட ஒரு சாக்கில் கட்டி வாங்கிவிடுங்கள். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

அடுத்தது என்ஜின் மவுண்டிங். இங்கே எனக்குக் கைகொடுத்தது ஆவடியில் ஒரு டாக்சி மெக்கானிக். நான் பழைய கிராஸ் மெம்பரில் கேஸ் கட்டிங் போடத் தயாராக நிற்கிறேன். அவர் வந்து பார்த்து, "கம்பெனியே இந்த என்ஜினை இந்த பாடியில போட்டிருக்கான். அவன் பிராக்கெட் என்ன பண்ணான்னு பார்க்காம நீங்க ஏன் சார் வெட்டறீங்க?" என்றார். என் மண்டையில் உறைக்காத விஷயம். உடைப்புக்கு வந்த ஒரு 1800 அம்பாசடரிலிருந்து பிராக்கெட்டுகளை வாங்கிக் கொடுத்தார். என் வண்டியில் லேசாகக் கோணம் திருத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பத்மினிக்காரரும் ஹெரால்ட்காரரும் முதலில் தேட வேண்டியது இதைத்தான். உங்கள் வண்டியின் பிற்கால மாடலில் கம்பெனி வேறு என்ஜின் எதையாவது வைத்ததா? பத்மினியில் டீசல் வந்தது உங்களுக்குத் தெரியும். அந்த வண்டியின் அடியில் படுத்து ஒரு மணி நேரம் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

அப்படி முன்மாதிரி கிடைக்காவிட்டால், காலி பிளாக்கை வைத்துப் பாருங்கள். உள்ளே பிஸ்டன், கிராங்க் எதுவும் இல்லாத பழைய பிளாக், மேலே ஹெட், கீழே சம்ப், பின்னால் காலி கியர் பெட்டி. இரண்டு பேர் தூக்கிவிடலாம், நாற்பது தடவை ஏற்றி இறக்கினாலும் முதுகு தாங்கும். மரக்கட்டை கொடுத்து நிறுத்தி, சம்ப்புக்கும் கிராஸ் மெம்பருக்கும், எக்ஸாஸ்ட்டுக்கும் ஸ்டீரிங் தண்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஓடும்போது ரப்பர் மவுண்டிங்கில் என்ஜின் ஒரு பக்கமாகச் சாயும் என்பதை மறக்க வேண்டாம். நிற்கும்போது ஒரு விரல் நுழைகிற இடம் ஓடும்போது போதாது. 20 மி.மீட்டராவது வேண்டும். பானெட் இடிக்கிறதா என்று பார்க்க எங்கள் வீட்டு விநாயகர் சதுர்த்திக் களிமண்ணில் மிச்சம் இருந்ததை உருட்டி ஏர் கிளீனர் மேல் வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறந்தேன். நசுங்கிய களிமண்ணின் கனம்தான் உங்களுக்கு இருக்கிற இடைவெளி. என் கணக்குப்படி நாலு விரற்கடை இருந்திருக்க வேண்டும், களிமண் ஒரு தோசை கனத்துக்கு வந்தது.

பிறகு மரை. இதைப் பற்றி நான் எத்தனை தரம் சொன்னாலும் கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போய் அதே தப்பைச் செய்கிறார்கள். பழைய அம்பாசடர் அங்குல மரை, ஜப்பான் என்ஜின் மெட்ரிக் மரை. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ., எம்8 போல்ட்டுக்கு 8 மி.மீ. கண்ணால் பிரிக்கவே முடியாது. ஆனால் மரைக்கு மரை இடைவெளி வேறு. அங்குலத்தின் ஃபைன் மரையில் சுமார் 1.06 மி.மீ., எம்8-இல் 1.25. ஒன்றை மற்றதில் போட்டால் இரண்டு சுற்று சுகமாகப் போகும். பிறகு இறுகும். 'துரு பிடிச்சிருக்கு போல' என்று நினைத்து ஸ்பானரில் ஒரு இழுப்பு இழுப்பீர்கள். முடிந்தது, மரை பொடிப்பொடியாக வரும். நான் அப்படி மவுண்டிங் துளை ஒன்றைக் கெடுத்து, பெரிதாகத் துளைத்துப் புதிய மரை வெட்ட வேண்டியதாயிற்று. அதன் பிறகு இரண்டு டப்பா வைத்தேன். அங்குல போல்ட் தலையிலெல்லாம் சிவப்பு நெயில் பாலிஷ். வீட்டில் திட்டு வாங்கினாலும் வேலைக்கு ஆயிற்று. இருநூறு ரூபாய்க்குள் ஒரு பிட்ச் கேஜ் கிடைக்கும், அதை வாங்கிவிடுங்கள்.

கியர் பெட்டி மாறினால் பின்னால் போகிற புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளமும் மாறும். குழாயை வெட்டி, நீளம் சரிசெய்து, வெல்டு வைத்து, பேலன்ஸ் செய்ய வேண்டும். வெல்டு வைக்கும்போது இரு முனை யோக்குகளும் ஒரே திசையில் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள், பட்டறைக்காரர் மேல் பொறுப்பைப் போட வேண்டாம். பேலன்ஸ் எல்லாம் செய்தும் என் வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அதிர்ந்தது. சென்னை பைபாஸில் மதுரவாயல் வரை போய்த் திரும்பினால் பல்செட் கழன்றுவிடும் போலிருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் பிடிபட்டது: கோணம். யுனிவர்சல் ஜாயின்ட் வளைந்த நிலையில் சுற்றும்போது வேகம் சீராகப் போகாது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையும். முன் ஜாயின்ட் உண்டாக்குகிற அந்த ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயின்ட் சரிக்கட்ட வேண்டும். அதற்கு கியர் பெட்டியின் வெளித்தண்டும் பின் ஆக்சிலின் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். நான் கியர் பெட்டியை மேலே தூக்கிக் கட்டிவிட்டேன், இடம் இருந்தது என்பதற்காக. பின் மவுண்டிங்கை 12 மி.மீ. இறக்கினேன், அதிர்வு நின்றுவிட்டது. கொத்தனார் வைத்திருப்பாரே ரசமட்டம், அதுபோல் கோணம் காட்டுகிற சின்னக் கருவி ஒன்று இருந்தாலே போதும்.

தண்ணீர்க் குழாயில் ஒரு சுலபமான வழி சொல்கிறேன். ரேடியேட்டர் வாய் ஒரு பக்கம், என்ஜின் வாய் வேறு பக்கம் இருக்கும். நேர் ஹோஸை வளைத்தால் மடங்கி அடைத்துக்கொள்ளும். கட்டுக்கம்பியை எடுத்து, ஹோஸ் போக வேண்டிய வழியிலேயே வளைத்து, அந்தக் கம்பியோடு ஜி.பி. ரோட்டுக்குப் போங்கள். எந்த வண்டியின் ஹோஸ் என்று கேட்காதீர்கள், கம்பியை நீட்டுங்கள். எனக்குப் பொருந்தியது ஒரு வேனின் ஹோஸ், இரு முனையிலும் கொஞ்சம் வெட்டினேன்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. என்ஜினிலிருந்து பாடிக்கு ஒரு தடித்த எர்த் பட்டை வேண்டும். நான் அதை மறந்துவிட்டு முதல் முறை ஸ்டார்ட் செய்தேன். ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்ட் வேறு வழி இல்லாமல் சோக் கேபிள் வழியாகப் போய், டேஷ்போர்டில் புகை வந்தது. என் மனைவி குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்தார். இன்னொன்று, பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகள் பலவற்றில் பாடியில் சேர்ந்திருப்பது பாசிட்டிவ். ஆல்டர்னேட்டர் உள்ள என்ஜினை வைக்கும்போது அதை மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டரில் உள்ள டயோடு போய்விடும்.

பிரேக்கைப் பற்றி நான் நீட்டப்போவதில்லை. குதிரைத்திறன் பாதிக்குப் பாதி கூடினால், நிறுத்துகிற வேலையும் கூடும். என்ஜின் உள்ளே போகிற அன்றே வீல் சிலிண்டர், ஹோஸ், லைனிங் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும்.

இப்போது காகிதம். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைப் பற்றிப் பேசுகிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. அனுமதி இல்லாமல் என்ஜின் மாற்றப்பட்டிருந்தால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளரின் அளவிலிருந்து விலகும்படி மாற்றங்கள் செய்ய முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. நான் செய்த காலத்தில் அனுமதி கிடைத்தது என்பதற்காக இன்று உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். என்ஜின் வாங்குவதற்கு முன், பூந்தமல்லியோ அம்பத்தூரோ, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். என்ஜினுக்குப் பில் இருக்க வேண்டும், அதில் என்ஜின் எண் இருக்க வேண்டும், அது எந்த வண்டியில் இருந்தது என்பதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். எண் அரித்து எடுக்கப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள், அது திருட்டு வண்டியின் என்ஜினாக இருக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள்.

எனக்கு வலித்த இடம் இனிமேல்தான். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருஷம் செல்லும். என் வண்டிக்கு 2024-இல் ஐம்பது நிறைந்தது. அப்பா இருந்திருந்தால் மாலை போட்டிருப்பார். ஆசையாக விதியை எடுத்துப் படித்தேன். வண்டி அசல் வடிவிலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்த வண்டிக்கு இது இல்லை. என் ஆர்.சி.யிலேயே வேறு என்ஜின் எண் இருக்கிறது.

பழைய என்ஜினைத் திரும்பப் போடலாமா என்று யோசித்தேன். மவுண்டிங் பழையபடியே இருக்கிறது, டாக்சி மெக்கானிக்கின் புண்ணியம். ஆனால் ஐந்து கியர் பெட்டியின் லீவர் தரையிலிருந்து வருகிறது. அதற்காக நான் தரைத் தகட்டில் ஒரு துளை வெட்டினேன், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. அசல் வண்டியில் கியர் ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில். அந்தத் துளை ஒன்றுதான் நான் வண்டியில் செய்த, திரும்பப் பெற முடியாத காரியம். தகடு வைத்து வெல்டு பண்ணலாம், மேலே பெயிண்டும் அடிக்கலாம். பார்க்கிறவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

வீட்டில் பேசினோம். மனைவி கேட்டது: "வி.ஏ. நம்பர் வாங்கினா திருமுல்லைவாயல் கோவிலுக்கு அதுல போகலாமா?" போக முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்கு மட்டும்தான் அந்த வண்டியை ரோட்டில் எடுக்கலாம், தினசரி உபயோகத்துக்கு இல்லை. "அப்ப இப்படியே இருக்கட்டும்" என்றார். இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வண்டியில்தான் போய் வருகிறோம், நீங்களே பார்க்கிறீர்கள்.

ஹெரால்ட்காரருக்கு நான் தனியாகச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டி ஐம்பதைத் தாண்டிவிட்டது, இன்னும் அசல் என்ஜினே இருக்கிறது, பிளாக்கில் விரிசல் இல்லை. ஸ்லீவ் அடியுங்கள். போரிங் பட்டறைக்கு நானே கூட வருகிறேன். பத்மினி தம்பியின் கதை வேறு. அவர் என்ஜின் பிளாக் வெடித்துப்போய்விட்டது, வண்டியைத் தினமும் கிண்டிக்கு ஓட்டிப் போக வேண்டும் என்கிறார். அதே மாதிரி என்ஜின் இன்னொன்று தேடுவது அவருக்கு எளிது, ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் பேச்சு சுருக்கமாக முடியும்.

என்னுடைய பழைய 1489 இன்னும் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. சிலிண்டரில் எண்ணெய் ஊற்றி, பிளக் துளைகளை அடைத்து, பாலிதீன் சுற்றி வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்பானர் போட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறேன், இறுகிவிடக் கூடாதே என்று. டயல் கேஜும் பிட்ச் கேஜும் என்னிடம் உள்ளன, தேவைப்படுகிறவர்கள் வந்து வாங்கிப் போகலாம். டயல் கேஜை மட்டும் சாயங்காலத்துக்குள் திருப்பித் தந்துவிடுங்கள். ஒன்று ஏற்கெனவே போனது, யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.